ஆனைமடுவின் கோணல் பாதை

ஆனைமடு என்ற குட்டையின் கரையில் காத்தாயி என்றோர் ஆள்காட்டிப் பறவை இருந்தாள். பங்குனி பிறந்தால் முட்டையிடுவாள். கூடு கட்ட மாட்டாள். அவள் குலத்திலேயே யாரும் கட்டியதில்லை. கரையில் கூழாங்கல் கிடக்கிற வெட்டவெளியில் காலால் நாலு கீறு கீறிப் பள்ளம் பண்ணி, அதிலே நாலு முட்டை இடுவாள். கல்லும் முட்டையும் ஒரே நிறம், ஒரே புள்ளி. பெற்றவளே கண்ணை எடுத்தால் அப்புறம் தேடத்தான் வேண்டும்.

"இப்படி நடுவழியில் போட்டு வைத்தால் யாராவது மிதித்துவிட மாட்டார்களா?" என்று கேட்பீர்கள். அதற்குத்தான் காத்தாயிக்கு ஒரு தொண்டை இருந்தது. இருபதடி தூரத்தில் யார் தலை தெரிந்தாலும் எழும்பிப் பறந்து கத்துவாள். காது கிழியும். மான் ஒதுங்கும், பன்றி ஒதுங்கும், யானைக்கூட்டமே ஒதுங்கும். இதற்கு யாரும் சட்டம் போடவில்லை. அவள் கத்தினால் அங்கே பிள்ளை கிடக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான்.

அதனால் காட்டிலிருந்து மடுவுக்கு வருகிற பாதை நேராக வந்து, காத்தாயி இருக்கிற இடத்தில் மட்டும் அரிவாள் மாதிரி வளைந்து போகும். அடுத்த வருஷம் அவள் இடம் மாறினால் வளைவும் கூடவே மாறும். இப்படியே பல காலம் போயிற்று.

யார் கண் பட்டதோ, அந்த வருஷம் நகரத்திலிருந்து துரைக்கண்ணு திரும்பி வந்தான்.

துரைக்கண்ணு ஒரு குரங்கு. எட்டு மாதம் நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் குடியிருந்தவன். மேடைத் திரையிலிருந்து கிழித்த ரோஜா நிறத் துணி ஒன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தான். வந்ததும் வராததுமாகப் பாறைமேல் ஏறிக் கூட்டம் போட்டான்.

"நாமெல்லாம் காட்டுமிராண்டிகளா இருக்கோம்," என்றான்.

"காட்டுல இருக்கோம். வேற எப்படி இருக்கிறது?" என்றது கொம்பையா என்ற பன்றி.

"நாகரிகமா இருக்கணும்! நகரத்துல வந்து பாருங்க. வாசல்ல ரெண்டு பேர் நின்னு பன்னீர் தெளிச்சுக் கும்பிடுறாங்க. தரையில நேரா ஒரு சிவப்பு விரிப்பு. அதுமேலதான் எல்லாரும் நடக்கிறாங்க. எதுக்கெடுத்தாலும் 'தயவுசெய்து' சொல்றாங்க, 'மன்னிக்கவும்' சொல்றாங்க. இங்கே என்ன இருக்கு? ஆளுக்கொரு பக்கம் தண்ணி குடிக்கிறோம். பாதை கோணல். அதைவிடக் கேவலம், ஒருத்தர் கத்துற கத்தல்ல காடே நடுங்குது. நான் பேர் சொல்லலை."

பேர் சொல்லாமலே எல்லாத் தலையும் காத்தாயி பக்கம் திரும்பியது.

காத்தாயிக்குச் சுருக்கென்றது. "தம்பி, நான் பொழுதுபோகாமக் கத்தலை. கத்தினாத்தான் என் பிள்ளை தங்கும்."

"மெதுவாச் சொன்னா ஆகாதா, அக்கா?"

"மெதுவாச் சொன்னா யானைக்குக் கேக்குமா?"

"கேக்குற மாதிரி மெதுவாச் சொல்லணும்," என்றான் துரைக்கண்ணு. கூட்டம் "ஆகா!" என்று தலையாட்டியது.

காத்தாயி விடவில்லை. "சரி, அந்த மண்டபத்துல சாப்பாட்டுப் பந்திக்கு இடம் பிடிக்க எப்படிப் போவாங்க? அங்கேயும் 'தயவுசெய்து'தானா?"

துரைக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டான். "நான் பெரும்பாலும் வாசல் பக்கம்தான் பார்த்தேன்," என்றான்.

மூன்று விதிகள் பிறந்தன. யாரும் உரக்கப் பேசக் கூடாது. ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. காத்தாயியின் பள்ளத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஓரத்தில் கல் அடுக்கிய நேர்ப் பாதை ஒன்று மடுவுக்கு, அதில் வரிசையாக வந்து ஒரே துறையில் தண்ணீர் குடிக்க வேண்டும்.

காத்தாயி யானைக்கூட்டத்தின் தலைவி பெரியநாயகியைப் பார்த்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குரங்கு துணியைச் சுருட்டிக்கொண்டு போய்விடும்.

பெரியநாயகி காதை ஆட்டினாள். "எனக்கும் வயசாகுது காத்தாயி. காதுக்குக் கொஞ்சம் அமைதி கிடைச்சா நல்லதுதானே? ஒரு வாரம் பார்ப்போமே. ஒத்துக்கோ."

யானை கேட்டால் குருவி எப்படி மறுக்கும்? "சரி ஆத்தா, ஒரு வாரம்," என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து புருஷன் சாந்தப்பனிடம் கொட்டித் தீர்த்தாள். சாந்தப்பன் பேருக்கு ஏற்ற பிறவி. "ஊரோட ஒத்து வாழணும் புள்ள," என்றான்.

"ஊரு என்னோட ஒத்து வாழுதா? அதைக் கேளு முதல்ல," என்றாள் காத்தாயி.

மறுநாளிலிருந்து காட்டில் நாகரிகம் பொங்கி வழிந்தது. கொம்பையா சேற்றில் புரளுவதற்கு முன்னால் சேற்றைப் பார்த்து "மன்னிக்கவும்" என்றது. மான்கள் புல்லைக் கடிப்பதற்கு முன்னால் "தயவுசெய்து" என்றன. இரண்டு கலைமான்கள் துறையில் எதிரெதிரே நின்று, "நீங்க முதல்ல," "ஐயோ, நீங்க முதல்ல," என்று சொல்லிச் சொல்லியே பொழுது சாய்ந்து, இரண்டும் தாகத்தோடு வீட்டுக்குப் போயின. அப்படியும் புத்தி வரவில்லை.

காத்தாயியும் முயன்று பார்த்தாள். மான் வந்தால் ஓடிப்போய்க் காலடியில் நின்று, "அண்ணே, தயவுசெய்து கொஞ்சம் தள்ளிப் போங்க, முட்டை கிடக்கு," என்று கிசுகிசுத்தாள். பாதி மான்களுக்குக் கேட்கவில்லை. கேட்ட மான்கள் நின்று, "நன்றிங்க, சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க," என்று கும்பிட்டு, கும்பிட்ட வேகத்தில் பள்ளத்துக்கு ஒரு சாண் பக்கத்தில் குளம்பை ஊன்றின. கத்தல் தொண்டை வரைக்கும் வரும். விழுங்குவாள். விழுங்கிய கத்தல் மீன்முள் மாதிரி அங்கேயே குத்திக்கொண்டு நிற்கும். இராத்திரி தூக்கம் கிடையாது.

"இன்னும் ரெண்டு நாள்தான் புள்ள," என்பான் சாந்தப்பன்.

"ரெண்டு நாள்ல நான் வெடிச்சே போயிடுவேன்," என்பாள் அவள்.

ஏழாம் நாள் வந்தது. அன்றைக்குத்தான் நேர்ப் பாதைக்குத் திறப்பு விழா. உச்சி வேளையில் யானைகள் முதலில் நடந்து துறைக்கு வருவதாக ஏற்பாடு. துரைக்கண்ணு விடிந்ததிலிருந்து பாதையின் இரண்டு ஓரத்திலும் கூழாங்கல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறியது. பங்குனி வெயில் என்றால் சும்மாவா? கரைக்கல் தோசைக்கல்லாகிவிடும். அந்த நேரத்தில் ஆள்காட்டி என்ன செய்யும் தெரியுமா? தண்ணீரில் இறங்கி நெஞ்சு இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைமேல் உட்காரும். அந்த ஈரத்தில்தான் முட்டை வேகாமல் பிழைக்கும். காத்தாயி சாந்தப்பனை முட்டைமேல் உட்கார வைத்துவிட்டு மடுவுக்கு ஓடினாள்.

"வரிசையில வாங்க, அக்கா," என்றான் துரைக்கண்ணு.

முன்னால் பதினேழு பேர் நின்றார்கள்.

"தம்பி, நான் குடிக்க வரலை. நெஞ்சை நனைச்சுக்கிட்டு ஓடிடுறேன். நொடி நேரம். முட்டை வெந்துடும்யா."

"எல்லாருக்கும் ஓர் அவசரம் இருக்கும் அக்கா. வரிசைன்னா வரிசை." சொல்லிவிட்டுக் கல் அடுக்கப் போய்விட்டான்.

மறுகரை முதலையின் பக்கம். அங்கே இறங்கினால் நனைப்பதற்கு நெஞ்சு மிஞ்சாது. காத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பறவைக்குப் பல் ஏது என்று என்னிடம் கேட்காதீர்கள், அவள் நின்ற நிலை அப்படி. 'கொடுத்த வாக்கு இன்றோடு தீர்கிறது. இன்று ஒரு நாள்தானே' என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். வரிசை நகரவில்லை. முன்னால் அந்த இரண்டு கலைமான்கள். "நீங்க முதல்ல." "ஐயோ, நீங்க முதல்ல."

ஒருவழியாக நனைந்துகொண்டு அவள் ஓடிவந்தபோது, சாந்தப்பன் எழுந்து ஓரமாக, ரொம்பப் பணிவாக நின்றுகொண்டிருந்தான். பள்ளத்தில் ஒன்றுமில்லை.

"முட்டை எங்கே?"

"பதறாதே புள்ள. மெதுவாப் பேசு."

"முட்டை எங்கேய்யா?"

"தம்பி துரைக்கண்ணு வந்தான். 'தயவுசெய்து கொஞ்சம் எழுந்திருக்க முடியுமா'ன்னு கேட்டான். தயவுசெய்துன்னு சொன்ன பிறகு மாட்டேன்னு எப்படிச் சொல்றது? எழுந்தேன்."

"எழுந்து?"

"கடைசி முழத்துக்குக் கல் போதலையாம். 'ஆகா, நாலும் ஒரே அளவா இருக்கே'ன்னு எடுத்தான்."

"முட்டைன்னு சொல்றதுக்கு வாய் இல்லையா உனக்கு?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன். அவன் பேசிக்கிட்டிருந்தான். குறுக்கே பேசக் கூடாதுன்னு விதி இருக்கே புள்ள. முடிக்கட்டும்னு நின்னேன். அவன் முடிக்கவே இல்லை. பேசிக்கிட்டே எடுத்துக்கிட்டுப் போயிட்டான்."

காத்தாயிக்கு அழுவதா, இவனை நாலு கொத்து கொத்துவதா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நேரமில்லை. பாதையைப் பார்த்து ஓடினாள்.

பாதை ஜோராகத்தான் இருந்தது. கல்யாண மண்டபத்து விரிப்பின் அகலம். இரண்டு ஓரமும் புள்ளிக்கல் வரிசை, நூறு தப்படி நீளத்துக்கு. இதில் எது கல், எது பிள்ளை? கடைசி முழம் என்றானே, எந்தப் பக்கத்துக் கடைசி? மடுப் பக்கமா, காட்டுப் பக்கமா? மேலே பார்த்தாள். காட்டுப் பக்கத்து முனையில் யானைகள் வந்துவிட்டன. பெரியநாயகி முன்னால், குட்டிகளோடு பத்து யானைகள் பின்னால். மனிதர் நடக்கிற விரிப்பில் யானைக் கால் எங்கே அடங்கும்? ஒவ்வோர் அடிக்கும் ஓரத்துக் கல் நறநறவென்று நசுங்கியது.

காத்தாயி துரைக்கண்ணுவிடம் ஓடினாள். "தம்பி, நீ எடுத்தது கல் இல்லை, முட்டை. எங்கே வெச்சே?"

அவன் உதட்டில் விரல் வைத்தான். "விழா நடக்குது அக்கா. முடிஞ்சதும் பேசலாம்."

"முடிஞ்சதும் பேசுறதுக்கு என்ன இருக்கும்?"

"உஷ்!" என்றது வரிசையில் நின்ற கூட்டம். "நாகரிகமா ஒதுங்கும்மா."

பெரியநாயகியிடம் பறந்தாள். "ஆத்தா, ஆத்தா," என்று காதோரம் மெதுவாகத்தான் சொன்னாள். யானை முகத்தை நிமிர்த்தி, விழாவுக்கு நடக்கிற கம்பீரத்தில், துறையைப் பார்த்தே நடந்தது. காதில் விழவில்லை. காத்தாயி கீழே இறங்கி ஓரத்துக் கல்லையெல்லாம் அலகால் தொட்டுத் தொட்டு ஓடினாள். கல். கல். கல். மடுவுக்கு ஒரு முழம் இருக்கும் இடத்தில் அலகு பட்டதும் ஒன்று இலேசாக அசைந்தது. முட்டை! பக்கத்தில் இன்னொன்று. அவள் நிமிர்ந்தாள். தலைக்கு மேலே வெயில் மறைந்தது. பெரியநாயகியின் கால் தூக்கிய நிலையில் இருந்தது.

காத்தாயி கத்தினாள்.

ஏழு நாள் விழுங்கிய கத்தல் அத்தனையும் ஒன்றாக வந்தது. மயில் மரத்திலிருந்து விழுந்தது. மறுகரையில் முதலை தண்ணீருக்குள் முழுகியது. வரிசை சிதறியது.

யானையின் கால் அப்படியே நின்றது. ஐம்பது வருஷமாக அவள் குலத்துக் கத்தலைக் கேட்டால் ஒதுங்கிப் பழகிய கால் அது. காது கேட்டு, புத்தி யோசித்து, அப்புறம் நின்ற கால் இல்லை. பின்னால் வந்த யானைகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றன.

"அநாகரிகம்!" என்று குதித்தான் துரைக்கண்ணு. "விழா நேரத்துல! இத்தனை பேர் முன்னால!"

"சும்மா இருடா," என்றாள் பெரியநாயகி. காலைக் கீழே வைக்கவில்லை. "என்ன காத்தாயி?"

"உன் காலுக்குக் கீழே என் பிள்ளை, ஆத்தா."

பெரியநாயகி குனிந்து பார்த்தாள். அவள் கண்ணுக்குக் கல்தான் தெரிந்தது. ஆனாலும் தூக்கிய காலைப் பின்னால்தான் வைத்தாள். கூட்டம் முழுவதும் ஓரடி பின்னால் போயிற்று. அப்புறம் தும்பிக்கையை நீட்டி ஒவ்வொரு கல்லாக மோந்து பார்த்தாள். ஒரு முட்டை கிடைத்தது. இரண்டு. மூன்று.

"நாலாவது?" என்றாள் காத்தாயி.

கொம்பையா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முன்னால் வந்தது. "பாதை சரியா இருக்கான்னு பார்க்கச் சொல்லி என்னைத்தான் முதல்ல நடக்க விட்டாங்க. இந்த இடத்துல குளம்புக்குக் கீழே ஏதோ நொறுங்குச்சு. ஆனா நான் மன்னிக்கவும்னு சொல்லிட்டேன், காத்தாயி."

"யார்கிட்டச் சொன்னே?"

"கல்லுகிட்ட."

கல் இடுக்கில் உடைந்த முட்டை ஓடும் ஈரமும் கிடந்தன. காத்தாயி அந்த ஓட்டை அலகால் தொட்டுப் பார்த்தாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்து எது எதென்று பிரிக்க முடியவில்லை.

"ஏழு நாளா எல்லாரும் எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டீங்க," என்றாள். "சேத்துக்கிட்டக் கேட்டீங்க, புல்லுகிட்டக் கேட்டீங்க. கீழே குனிஞ்சு பார்க்கத்தான் ஒருத்தருக்கும் தோணலை. ஒரு விதியும் இல்லாத காலத்துல என் பிள்ளை ஒண்ணுகூட மிதிபட்டதில்லை."

"அமைதி வேணும்னு கேட்டவள் நான்தான்," என்றாள் பெரியநாயகி. மூன்று முட்டையையும் தும்பிக்கை நுனியில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் வைத்தாள். சாந்தப்பன் போய் உட்கார்ந்தான். இந்த முறை யார் என்ன சொன்னாலும் எழுந்திருக்கப் போவதில்லை என்று முகத்தில் எழுதியிருந்தது.

காத்தாயியின் நெஞ்சு இறகு அதற்குள் காய்ந்துவிட்டது. அவள் மறுபடி மடுவுக்கு ஓடினாள். வரிசை தானாக இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. யாரும் "தயவுசெய்து" சொல்லவில்லை, "நீங்க முதல்ல" என்றும் சொல்லவில்லை. அந்தக் கலைமான்கள்கூட வாயைத் திறக்காமல் விலகின.

துரைக்கண்ணு கழுத்துத் துணியை அவிழ்த்துத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே வந்தான். "அக்கா, முட்டைமேல இதைப் போடட்டுமா?"

"போடாதேடா, மூச்சு முட்டும். பக்கத்துல பிழிஞ்சு ஊத்து. மண்ணு குளிரட்டும்," என்றாள் காத்தாயி. அவன் அன்று சாயங்காலம் வரைக்கும் மடுவுக்கும் பள்ளத்துக்குமாக நடந்து பிழிந்து ஊற்றினான். அந்தத் துணிக்கு முதல் முறையாக ஒரு வேலை கிடைத்தது.

மறுநாள் காலையில் யானைகள் தண்ணீருக்கு வந்தன. காத்தாயி இருபதடி தூரத்திலேயே எழும்பி, காது கிழியக் கத்தினாள். பெரியநாயகி அடுக்கிய கல்லை மிதித்துச் சிதறவிட்டு, பள்ளத்தைச் சுற்றி வளைந்து நடந்தாள். பின்னால் வந்தவர்கள் அவள் அடியிலேயே அடி வைத்தார்கள். நாலு நாளில் பாதை பழையபடி அரிவாளாகிவிட்டது. மூன்று குஞ்சுகள் பொரிந்தன. மூன்றும் தாயைவிட உரக்கக் கத்தின. கொம்பையா மட்டும் அந்த இடம் வந்தால் கத்தல் கேட்பதற்கு முன்பே குனிந்துகொண்டு, இன்னும் நாலடி கூடுதலாகவே சுற்றிப் போகும்.

ஒருநாள் துரைக்கண்ணு தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, இருந்தாலும் நகரத்துல பாதையெல்லாம் நேராத்தானே இருக்கு?"

"நேராவே இருக்கட்டும் தம்பி," என்றாள் காத்தாயி, குஞ்சுகள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல். "அதுல நடக்கிறவங்க கீழே பார்த்து நடக்கிறாங்களா, அதைச் சொல்லு."

அவன் மாடியிலிருந்து பார்த்ததையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு, காலடியைப் பார்த்துக்கொண்டே நடந்து போனான்.

காலடியில் கிடக்கும் பிற உயிருக்காக ஓரடி ஒதுங்கி நடக்கத் தெரிவதே நாகரிகம். அது தெரியாதவன் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் காட்டுமிராண்டிதான்.